கைதி கட்டிய தேவாலயம், காற்றை அரைத்த சக்கரம்: தெரியுமா உங்களுக்கு?

சிப்பிச் சுண்ணாம்பு. முட்டை வெள்ளைக்கரு. நாட்டுச் சர்க்கரை. தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர். இத்தனையும் சேர்த்துக் குழைத்தால் என்ன கிடைக்கும் தெரியுமா? ஒரு தேவாலயம்! சிங்கப்பூரின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயம் பளீரென்று வெள்ளையாக நிற்கிறதே, அதன் சுவரில் ஏறியது இந்தக் கலவைதான். செட்டிநாட்டு வீட்டுச் சுவரில் கை வைத்தால் வழுக்குமே, அதே குடும்பத்துப் பூச்சு. அதற்குப் பெயரே ‘மெட்ராஸ் சுண்ணாம்பு’! சரி, பூசிய கைகள் யாருடையவை? கைதிகளுடையவை! இந்தியாவிலிருந்து கடல் கடத்தப்பட்ட தண்டனைக் கைதிகளுடையவை!

1825 ஏப்ரலில் சுமத்ராவின் பென்கூலனிலிருந்து சிங்கப்பூரில் வந்து இறங்கிய முதல் கைதிக் கூட்டம் எத்தனை பேர்? 80 பேர். அத்தனை பேரும் சென்னை மாகாணத்தவர்! ஒரு வாரம் கழித்து வங்காளத்துக் கைதிகள் 122 பேர் வந்தார்கள். சாலை போட்டது யார்? சதுப்பு நிலத்தைத் தூர்த்தது யார்? நடுக்கடல் பாறையில் ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் எழும்ப உழைத்தது யார்? இன்று சிங்கப்பூர் அதிபரின் மாளிகையாக இருக்கும் இஸ்தானாவைக் கட்டியது யார்? எல்லாவற்றிலும் கைதிகளின் வியர்வை!

இன்னும் கேளுங்கள். அந்தக் கைதிகளைக் காவல் காத்தவர்கள் யார் தெரியுமா? கைதிகளேதான்! நன்னடத்தை காட்டியவர் மேஸ்திரியாவார், பிறகு காவலாளியாவார். அவர்களை மேய்த்த மெக்நேர் என்ற அதிகாரி 1899இல் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். ‘கைதிகளே தமக்குக் காவலர்’ என்பதுதான் அதன் தலைப்பு!

இப்படிச் சிறை உழைப்பைப் பற்றிப் படிக்கப் படிக்க எனக்கு வாய் பிளந்தது. கூடவே ஒரு கேள்வியும் விடாமல் துரத்தியது. இத்தனை உழைப்பின் காசு யார் பைக்குப் போனது?

ஜிம்முக்கு முன்னால் ஜெயில்!

டிரெட்மில்லில் ஓடுகிறீர்களா? அதன் மூத்த அண்ணன் ஒரு சிறைத் தண்டனை! 1818இல் வில்லியம் கியூபிட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் அதை உருவாக்கினார். ஒரு பெரிய உருளை. அதைச் சுற்றிலும் படிகள். கைதிகள் வரிசையாக நின்று ஏற வேண்டும். ஏற ஏறப் படி கீழே போகும். எவ்வளவு ஏறினாலும் நின்ற இடத்தில்தான் நிற்பார்கள்! ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான அடி ஏற்றம்! பக்கத்தில் நிற்பவரிடம் பேசக்கூடாது. பல சிறைகளில் நடுவே மரத்தடுப்பு வேறு.

சில இடங்களில் அது மாவு அரைத்தது, தண்ணீர் இறைத்தது. பல இடங்களில் என்ன அரைத்தது தெரியுமா? ஒன்றுமே இல்லை! ‘காற்றை அரைப்பது’ என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது!

10,000 சுற்று!

அதைவிட வியப்பு ‘கிராங்க்’. அறைக்குள் ஒரு பெட்டி, அதில் ஒரு கைப்பிடி. உள்ளே மணல். கைப்பிடியைச் சுற்றினால் மணலுக்குள் துடுப்பு ஒன்று சுற்றும். அவ்வளவுதான்! வேறு எதுவும் நடக்காது. அதை ஒரு நாளைக்கு எத்தனை முறை சுற்ற வேண்டும்? 10,000 முறை! எண்ணிச் சொல்ல அதிலேயே கருவியும் உண்டு. எண்ணிக்கை குறைந்தால் சாப்பாடு கிடையாது. சுற்றுவது சுலபமாக இருக்கிறதா? வார்டர் ஒரு திருகாணியை முறுக்குவார், கைப்பிடி கனத்துவிடும். ஆங்கிலேயக் கைதிகளின் கொச்சையில் வார்டருக்கு ‘ஸ்க்ரூ’ என்று பெயர் வந்தது இதனால்தான் என்பார்கள்!

ஒரு பிடி மாவுகூடக் கிடைக்காத வேலைக்கு இரும்பு, கட்டடம், சம்பளக்காரக் காவலர்! சிறை என்றால் சிக்கனம் என்று யார் சொன்னது?

நாடகாசிரியரின் நகங்கள்

லண்டன் மேடைகளைக் கலக்கிக்கொண்டிருந்த ஆஸ்கர் வைல்ட் 1895 மே மாதம் கடுங்காவலில் தள்ளப்பட்டார். இரண்டு ஆண்டுகள்! பென்டன்வில் சிறையில் அவருக்கு என்ன வேலை? அதே சக்கரம்! நாளுக்கு 6 மணி நேரம். 20 நிமிடம் ஏற்றம், 5 நிமிடம் ஓய்வு.

பிறகு கயிறு பிரிக்கும் வேலை. தார் ஊறிக் கல்லாகிப்போன பழைய கப்பல் கயிறு. அதை வெறும் விரலால் நார் நாராகப் பிரிக்க வேண்டும். எதற்கு? நம் கடற்கரையில் தோணிக்குக் கலப்பத்து அடிப்பார்களே, பலகை இடுக்கில் பஞ்சு திணிப்பார்களே, அதே வேலைக்கு! நகம் பிளக்கும், விரல் நுனி மரத்துப்போகும். பேனா பிடித்த விரல்கள்!

1898இல் ரெடிங் சிறையைப் பற்றிய அவருடைய கவிதை வெளிவந்தது. ஆசிரியர் பெயர் என்ன போட்டிருந்தார்கள் தெரியுமா? சி.3.3. பின்னர் மாற்றப்பட்ட அந்த ரெடிங் சிறையில் அது அவருடைய அறை எண்! அதே 1898இல்தான் புதிய சிறைச் சட்டம் வந்து சக்கரத்துக்கும் கிராங்குக்கும் முடிவு கட்டியது. அப்படியானால் எத்தனை ஆண்டுகள் காற்றை அரைத்தார்கள்? 80!

மாட்டுக்குப் பதில் வக்கீல்!

இங்கிலாந்து கைவிட்டதை இங்கே கைவிட்டார்களா? அதுதான் இல்லை!

நாட்டுச் செக்கைப் பார்த்திருக்கிறீர்களா? ஆள் உயர உரல். உள்ளே சாய்ந்து நிற்கும் உலக்கை. உலக்கையோடு பிணைத்த நீண்ட மரம், மரத்தின் முனையில் நுகத்தடி. நுகத்தடியில் மாடு. மாடு வட்டம் சுற்றச் சுற்ற உலக்கை எள்ளை நெரிக்கும். முதலில் எள் நசுங்கும் சத்தம், பிறகு ஈரம், பிறகு மெல்ல எண்ணெய், அடியில் பிண்ணாக்கு. நல்ல மாடே மூச்சு வாங்கும் வேலை அது.

கோயம்புத்தூர் சிறையில் அந்த மாட்டின் இடத்தில் நின்றவர் யார்? வ.உ.சிதம்பரனார்! 1906இல் சுதேசிக் கப்பல் நிறுவனம் தொடங்கி வெள்ளைக்காரக் கம்பெனியைத் திணறடித்த வழக்கறிஞர்! 1908 ஜூலை 7ஆம் தேதி நீதிபதி பின்ஹே கொடுத்த தண்டனை எவ்வளவு? 40 ஆண்டுகள்! இரண்டு ஆயுள்! அப்போது அவருக்கு வயது 35.

முதலில் சணல் கிழிக்கும் இயந்திரத்தைச் சுற்றவிட்டார்கள். உள்ளங்கைத் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. அதன் பிறகுதான் செக்கு! அதே சிறைவாசத்தில் அவர் என்ன செய்தார் தெரியுமா? ஜேம்ஸ் ஆலனின் ஆங்கில நூலை ‘மனம்போல வாழ்வு’ என்று தமிழாக்கினார்! பின்னாளில் தன் வாழ்க்கை வரலாற்றையே செய்யுளாகப் பாடி வைத்தார்! செக்கு சுற்றிய உடம்பில் அந்தத் தெம்பு எங்கே மிச்சமிருந்தது? எத்தனை முறை யோசித்தாலும் எனக்குப் பிடிபடுவதில்லை.

மேல்முறையீட்டில் தண்டனை குறைந்து 1912 டிசம்பரில் வெளியே வந்தார். வாசலில் கூட்டம் இல்லை! காத்திருந்தவர் அவருடைய தோழர் சுப்பிரமணிய சிவா. அவரோ சேலம் சிறையில் கம்பளி வேலை செய்து தொழுநோயோடு வெளியே வந்தவர். நோயைக் காட்டி ரயிலில் ஏற விடாததால் ஊர் ஊராக நடந்தே போனவர்!

கப்பல் போயிற்று, வழக்கறிஞர் உரிமமும் போயிற்று. பின்னாளில் அந்த உரிமம் திரும்பக் கிடைக்க உதவியவர் வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதி. நன்றிக்கு வ.உ.சி. என்ன செய்தார் தெரியுமா? தன் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார்!

30 ராத்தல் எண்ணெய்!

அந்தமான் செல்லுலார் சிறை 1896இல் தொடங்கி 1906இல் முடிந்தது. கட்டியவர்கள்? கைதிகள்! தங்களை அடைக்கும் சிறையைத் தாங்களே கட்டினார்கள்! ஏழு சிறகுகள், ஏறக்குறைய 690 தனி அறைகள். ஓர் அறையின் நீளம் பதிமூன்றரை அடி, அகலம் ஏழரை அடி. ஒரு சிறகின் கதவுகள் அடுத்த சிறகின் முதுகைத்தான் பார்க்கும். எதிர் அறை முகம் தெரியவே தெரியாது!

அங்கேயும் எண்ணெய்ச் செக்குதான். தினக் கணக்கு? தேங்காய் எண்ணெய் என்றால் 30 ராத்தல்! ஏறக்குறைய பதின்மூன்றரை கிலோ! குறைந்தால் விலங்கு, சவுக்கு.

அடிமை முறை ஒழிந்தது... ஒரு வாசல் தவிர!

1865இல் அமெரிக்கா அடிமை முறையை ஒழித்தது. பள்ளியில் படித்திருப்பீர்கள். அந்த 13ஆவது சட்டத் திருத்தத்தில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது, அதைப் படித்திருக்கிறீர்களா? குற்றத்துக்கான தண்டனையாக இருந்தால் கட்டாய உழைப்பு செல்லும்!

பிறகு என்ன நடந்தது? தென் மாநிலங்கள் கறுப்பின மக்களை வளைத்து வளைத்துப் பிடித்தன. வேலையில்லாமல் சுற்றினால் குற்றம்! அபராதம் கட்ட வழியில்லையா? சிறை! சிறைக்குப் போனவரைச் சுரங்கத்துக்கும் கரும்புத் தோட்டத்துக்கும் அரசே வாடகைக்கு விட்டது! ஆள் வாடகை! 1898இல் அலபாமா மாநில வருவாயில் இந்த வாடகை எவ்வளவு தெரியுமா? ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு!

இதில் ஒரு கணக்கு இருக்கிறது, அதைச் சொல்லவே எனக்கு நாக்கு கூசுகிறது. அடிமையை விலை கொடுத்து வாங்கியவனுக்கு அவன் செத்தால் நஷ்டம். வாடகைக் கைதி செத்தால்? நஷ்டமே இல்லை, இன்னொருவரை அனுப்புவார்கள்! அதனால் அடிமைக்குக் கிடைத்த கஞ்சிகூட இவர்களுக்குக் கிடைக்கவில்லை. அலபாமா இதை நிறுத்தியது எப்போது? 1928இல்!

பாதிக்கப்பட்டவர்கள் கைதிகள் மட்டுமா? 1891இல் டென்னசியின் கோல் கிரீக் சுரங்கத் தொழிலாளர்கள் துப்பாக்கியோடு திரண்டார்கள். கைதிகள் மீது கோபமா? முதலாளி மீது! காசில்லாக் கூலி வந்தால் காசுக்கு உழைப்பவன் வீட்டில் அடுப்பு எரியுமா? கைதிகளைச் சுற்றி வளைத்து ரயிலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். பிறகு நூற்றுக்கணக்கானவர்களைத் திறந்தே விட்டார்கள்!

பள்ளிக்கூடத்துக்கு அடியில் 95 பேர்!

டெக்சஸில் ஓர் ஊரின் பெயரே சுகர் லேண்ட், சர்க்கரை நிலம்! 2018இல் அங்கே பள்ளிக்கூடம் கட்டத் தோண்டினார்கள். எலும்புகள்! எத்தனை பேருடையவை? 95 பேர்! கரும்புத் தோட்டங்களுக்கு வாடகைக்கு விடப்பட்ட கைதிகள். 14 வயதுப் பையனும் அதில் உண்டு. 94 பேர் ஆண்கள், ஒருவர் பெண். இங்கே புதைகுழி இருக்கும், இருக்கும் என்று ரெஜினால்ட் மூர் என்ற ஒரு மனிதர் பல ஆண்டுகளாக மன்றாடிக்கொண்டிருந்தார். இவர் யார் தெரியுமா? முன்னாள் சிறைக் காவலர்!

நம்பர் பிளேட்டில் ஒரு வாசகம்

நியூ ஹாம்ப்ஷயர் மாநிலக் கார்களின் நம்பர் பிளேட்டில் ‘சுதந்திரமாய் வாழ், அல்லது செத்துப்போ’ என்ற பொருளில் ஒரு வாசகம் இருக்கும். மாநிலத்தின் முழக்கம் அது. அந்தப் பிளேட்டை அச்சடிப்பவர்கள் யார்? கான்கார்ட் சிறைக் கைதிகள்!

லூசியானாவில் அங்கோலா என்று ஒரு சிறை. ஆப்பிரிக்க நாட்டின் பெயராயிற்றே என்கிறீர்களா? அந்தச் சிறை நிலம் முன்பு அடிமைகளின் பருத்தித் தோட்டம்! பரப்பளவு 18,000 ஏக்கர், நியூயார்க்கின் மன்ஹாட்டன் தீவைவிடப் பெரிது! இன்றும் கைதிகள் வயலில் குனிந்து வேலை செய்கிறார்கள், குதிரை மேல் காவலர் நிற்கிறார். கூலி? மணிக்கு 2 சென்ட்டிலிருந்து தொடங்கும்! டெக்சஸ், ஜார்ஜியா போன்ற மாநிலங்களில் பெரும்பாலான சிறை வேலைகளுக்கு அந்த 2 சென்ட்டும் கிடையாது!

கப்பல் போகாத கால்வாய்

வெண்கடலையும் பால்டிக் கடலையும் இணைக்க ஸ்டாலின் வெட்டிய கால்வாயின் நீளம் 227 கிலோமீட்டர். எத்தனை மாதத்தில் முடிந்தது? ஏறக்குறைய 20! இயந்திரம்? கிட்டத்தட்ட இல்லை! கடப்பாரை, மரத்தால் செய்த தள்ளுவண்டி, லட்சத்துக்கும் மேற்பட்ட கைதிகள். வெட்டிய அளவுக்குத்தான் ரொட்டி! பலவீனமானவருக்கு ரொட்டி குறையும், ரொட்டி குறைந்தால் இன்னும் பலவீனமாவார். சோவியத் கணக்கின்படியே 12,000 பேருக்கு மேல் மாண்டார்கள்.

1933இல் திறந்து பார்த்தால் ஆழம் எவ்வளவு? 4 மீட்டர்கூட இல்லை! பெரிய கடற்கப்பல் போகவே முடியாது! ஆனால் அதன் பெயரில் சிகரெட் வந்தது. கார்க்கி தலைமையில் 36 எழுத்தாளர்கள் சேர்ந்து அதைப் புகழ்ந்து ஒரு புத்தகம் எழுதினார்கள். அந்தப் புத்தகம் என்ன ஆயிற்று? அதில் போற்றப்பட்ட போலீஸ் தலைவர் யகோதாவே 1937இல் கைதாக, புத்தகத்தையும் ஒழித்துக்கட்டினார்கள்!

இதையும் கேளுங்கள். 1953 மார்ச் 5ஆம் தேதி ஸ்டாலின் இறந்தார். மார்ச் 27ஆம் தேதி பொது மன்னிப்பு. எத்தனை பேருக்கு? ஏறக்குறைய 12 லட்சம் பேருக்கு! சைபீரியாவில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போட்டிருந்த சலேகார்ட்–இகார்க்கா ரயில் பாதையை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். தண்டவாளங்கள் பனிக்காட்டில் துருப்பிடித்துக் கிடக்கின்றன! கூலியே இல்லாத உழைப்பும் நஷ்டமாகுமா என்று கேட்பவர்கள் அந்தத் தண்டவாளத்தைப் பார்க்கட்டும்.

பல்லை இழந்தவர், விண்ணைத் தொட்டார்!

1938இல் பொய்க் குற்றச்சாட்டில் கைதாகி, கொலிமா தங்கச் சுரங்கத்தில் ஸ்கர்வி நோயால் பற்களை இழந்த ஒரு பொறியாளர். சாக வேண்டியவர்! 1940இல் விஞ்ஞானிகளுக்கென்றே நடத்திய ஒரு சிறைக்கு மாற்றப்பட்டார். அங்கே விமானம் வடிவமைத்துக்கொண்டிருந்த துப்போலெவும் கைதி, இவரும் கைதி! யார் இவர் தெரியுமா? செர்கேய் கொரொல்யோவ்! 1957இல் ஸ்புட்னிக்கையும் 1961இல் ககாரினையும் விண்ணுக்கு அனுப்பியவர்! கொலிமாவில் பனியில் புதைந்துபோனவர்களில் இன்னும் எத்தனை கொரொல்யோவ்கள்? இதை நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது.

நம் ஊர்ச் சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் கடுங்காவல் தண்டனை இன்னும் உண்டு. பழைய சட்டத்திலும் இருந்தது, புதிய நியாய சன்ஹிதாவிலும் ‘கடின உழைப்புடன்’ என்றே இருக்கிறது! ஆனால் சும்மா வேலை வாங்கலாமா? கூடாது! நியாயமான கூலி கொடுத்தே ஆக வேண்டும் என்று 1998இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தக் கூலியில் ஒரு பங்கு குற்றத்தால் பாதிக்கப்பட்டவருக்குப் போக வேண்டும் என்றும் சொன்னது.

சிறைக்குள் சாதி பார்த்து வேலை பிரித்தார்கள் தெரியுமா? சமையல் ஒரு சாதிக்கு, கழிவறை இன்னொரு சாதிக்கு! பல மாநிலச் சிறைக் கையேடுகளில் அச்சிட்டே வைத்திருந்தார்கள்! அவற்றை உச்ச நீதிமன்றம் செல்லாதவை ஆக்கியது எப்போது? 2024 அக்டோபர் 3! நேற்றுப் போல!

இன்னொன்று. இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் தண்டனை பெறாதவர்கள்! விசாரணைக் கைதிகள்! பெரும்பாலும் வேலையும் கிடையாது, தீர்ப்பும் கிடையாது, காத்துக் கிடப்பதுதான்.

பக்சர் கயிறு

பீகாரில் பக்சர் சிறை. வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே அங்கே ஒரு தனித் தொழில் நடக்கிறது. என்ன? தூக்குக் கயிறு திரிப்பது! 2020இல் டெல்லியில் நால்வரைத் தூக்கிலிட்ட கயிறும் அங்கிருந்துதான் போனது. நூலை எடுத்து, புரி சேர்த்து, முறுக்கி, மழமழவென்று தேய்த்துக் கொடுக்கிறார்கள். திரிப்பவர்கள் யார்? கைதிகள்!

மிதித்தால் விளக்கு, படித்தால் விடுதலை!

பிரேசிலில் 3 நாள் வேலை செய்தால் தண்டனையில் 1 நாள் குறையும்! சாந்தா ரீட்டா தோ சாபுகாயி என்ற ஊரில் 2012இல் கைதிகளுக்கு சைக்கிள் கொடுத்தார்கள். மிதித்தால் பேட்டரி நிறையும், இரவில் ஆற்றங்கரைச் சாலையில் விளக்கு எரியும்! காற்றை அரைத்த அதே கால்கள்தானே! அங்கேயே இன்னொரு வழி: ஒரு புத்தகம் படித்து எழுதிக் கொடுத்தால் 4 நாள் கழிவு! ஆண்டுக்கு 12 புத்தகம், 48 நாள்!

நார்வேயின் பாஸ்டோய் தீவுச் சிறையில் கைதிகள் மாடு வளர்க்கிறார்கள், விவசாயம் செய்கிறார்கள், தீவுக்கு வரும் படகையும் அவர்களே ஓட்டுகிறார்கள்! தப்பிக்கப் படகு தேடும் கைதியைக் கேள்விப்பட்டிருக்கிறோம், படகோட்டும் கைதி! விடுதலையாகி இரண்டு ஆண்டுகளுக்குள் மறுபடி தண்டனை பெறுபவர்கள் அந்த நாட்டில் எத்தனை பேர்? ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்தான்.

தீயை அணைத்தவர்கள்

கலிபோர்னியாவில் ஒரு கைதியை ஓராண்டு வைத்துக் காக்க அரசுக்கு ஆகும் செலவு எவ்வளவு? 1,25,000 டாலருக்கும் மேல்! அங்கே 2024 நவம்பரில் மக்களிடம் ஒரு கேள்வி வைத்தார்கள். சிறையில் கட்டாய உழைப்பைத் தடை செய்யலாமா? பெரும்பான்மையோர் சொன்ன பதில்: வேண்டாம்!

இரண்டே மாதம். 2025 ஜனவரி 7ஆம் தேதி லாஸ் ஏஞ்சல்ஸ் பற்றி எரிந்தது. ஆரஞ்சு உடுப்பில் மலைச்சரிவில் ஏறி, கையில் கோடரியும் மண்வெட்டியுமாகத் தீக்கு முன்னால் புதரை வெட்டி மண்ணைக் கீறிப் பாதை போட்டவர்கள் யார்? ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள்! அவர்களின் நாள் கூலி? 5.80 டாலர் முதல் 10.24 டாலர் வரை! தீ எரியும்போது மணிக்கு 1 டாலர் கூடுதல். அவ்வளவுதான்!

அந்த அக்டோபரில் சட்டம் மாறியது. எரிகிற தீயோடு போராடும் நேரத்துக்கு இனி மணிக்கு 7.25 டாலர்! தீ அணைந்த பிறகு? மறுபடி பழைய நாள் கூலிதான்!